எல்லம்மாள் டீச்சர் வீட்டுக்காரர்

வேங்கிக்கால்,
16 பிப்ரவரி 2025

அன்புத் தம்பி மாறனுக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நானும் மாமாவும் சுகமாக இருக்கிறோம். புனேயில் குளிர் விட்டதா, உன் இருமல் நின்றதா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று நீ எழுதினால்தான் எனக்கு மனசு அடங்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை போன் செய்தேனே, நீ எடுத்து 'அ' என்று ஆரம்பித்தாய். அதற்கு மேல் வரவில்லை. உன் மூச்சு மட்டும் கேட்டது. நான் வைத்துவிட்டேன், தப்பாக நினைக்காதே. "அவனுக்கு வாய்தான் திக்கும், கை திக்காது"னு மாமா சொல்வாரே, அதுதான் சரி. நாம் பழையபடி கடிதமே எழுதிக்கொள்வோம். வாட்சப்பில் 'சாப்டியா', 'சாப்ட்டேன்' என்பதற்கு மேல் எனக்கும் ஒன்றும் வருவதில்லை.

பள்ளிக்கூடம் எப்போதும் போலத்தான். கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் இப்போதெல்லாம் உட்கார இடம் கிடைக்கிறது. கடலைக்காடுகளில் மல்லாட்டை அறுவடை தொடங்கப் போவதால் மாமாவின் லோடு வண்டிக்கு இனிமேல் ஓய்வு கிடையாது.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். என்னோடு வேலை செய்கிற எல்லம்மாள் டீச்சர் உனக்கு நினைவிருக்கும், நீ புனே கிளம்பியபோது டப்பா நிறைய எள்ளடை செய்து கொடுத்தவர். அவர் வீட்டுக்காரருக்கு ரொம்ப வருஷமாகச் சர்க்கரை. போன வாரம் அவர் செருப்பில் ஒரு ஸ்க்ரூ ஏறியிருக்கிறது. அவருக்குத் தெரியவே இல்லை. நாள் பூராவும் அதோடு நடந்திருக்கிறார், வண்டி ஓட்டியிருக்கிறார். பிரேக்கை மிதிக்கும்போது கால் வழுக்குகிறதே என்று குனிந்து பார்த்தால் ரத்தம். வலியே இல்லை என்கிறார். மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் போட்டிருக்கிறார்கள். இப்போது கட்டை விரல் பக்கம் சிவந்து வீங்கியிருக்கிறது.

நீ புண்ணைப் பற்றித்தானே ஆராய்ச்சி செய்கிறாய். இதற்கு என்ன செய்யலாம்? உன் ஆராய்ச்சி என்ன என்பதையும் எனக்குப் புரிகிற மாதிரி ஒரு தடவை எழுதேன்.

இப்படிக்கு உன் அக்கா,
ஆதிலட்சுமி

மச்சான், எல்லம்மா டீச்சர் வீட்டுக்காரர் பாவம், நல்ல மனுசன். சீக்கிரம் பதில் போடு. - மாமா வேணு


புனே,
27 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்காவுக்கும் மாமாவுக்கும்,

மாறன் எழுதுவது. இருமல் போய்விட்டது. வேளைக்குச் சாப்பிடுகிறேன், ஆனால் சப்பாத்திதான். உங்கள் இருவருக்கும் உடம்பு நன்றாக இருக்கிறது என்று படித்ததில் சந்தோஷம். மாமா தன் சர்க்கரை மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா? அதை நீ எழுதவில்லை.

முதலில் டீச்சர் வீட்டுக்காரர். மஞ்சள், சுண்ணாம்பு எல்லாவற்றையும் கழுவிவிட்டு நாளைக்கே அறுவை சிகிச்சை டாக்டரிடம் காட்டச் சொல். எலும்பு வரை போயிருக்கிறதா என்று படம் எடுத்துப் பார்க்க வேண்டும். அந்தக் காலை ஊன்றவே கூடாது. வண்டி ஓட்டக் கூடாது. சர்க்கரை அதிகமானவர்களுக்குக் காலில் உணர்ச்சி செத்துப்போகும். அவருக்கு வலிக்கவில்லை என்று நீ எழுதியதைப் படித்துத்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

என் வேலையைக் கேட்டாய். எங்கள் ஆய்வுக்கூடத்தில் இத்தனை வருஷத்தில் அதை யாரும் இப்படி உட்கார்ந்து கேட்டதில்லை.

புண் சிவந்து வீங்கிக் கொதிப்பதைப் பார்த்து நாம் கிருமியைத் திட்டுகிறோம். பாதிதான் அதன் தப்பு. மீதி, கிருமியை விரட்ட வருகிற நம் உடம்பின் காவல் அணுக்கள் செய்கிற வேலை. கார்த்திகை தீபத்துக்கு நம் ஊரில் போலீஸ் வருவார்களே, அதை நினைத்துக்கொள். முன்னாலேயே வந்து இறங்கி, எந்தச் சந்து எங்கே போய் முட்டும் என்று பார்த்து வைத்துக்கொண்ட போலீஸ்காரர்கள், கூட்டத்தைச் சத்தமில்லாமல் அனுப்பிவிட்டு, வேலை முடிந்ததும் கலைந்து போய்விடுவார்கள். ஊரே தெரியாதவர்கள் நெரிசல் ஆன பிறகு வந்து இறங்கினால்? எதிரில் வந்தவனை எல்லாம் லத்தியால் அடிப்பார்கள். எல்லாம் முடிந்தும் போக மாட்டார்கள். புண்ணைச் சுற்றி நல்ல சதையும் கெட்டுப்போவது இப்படித்தான்.

நாங்கள் எலிகளுக்கு, புண் வருவதற்குச் சில நாள் முன்னால், ஒரு கிருமியின் மேலோட்டிலிருந்து விஷத்தை நீக்கி எடுத்த சின்னத் துணுக்கை ஊசியாகப் போடுகிறோம். லேசாகச் சுணங்கிவிட்டு எலி சரியாகிவிடும். ஆனால் அதன் காவல் அணுக்கள் பாடம் படித்துவிடும். அப்புறம் தோலில் காயம் செய்து நிஜக் கிருமியை விடுகிறோம். பாவம்தான், என்ன செய்வது. ஊசி போடாத எலியின் புண் சீழ் வைத்துக் கரைகிறது. போட்ட எலிக்கு வீக்கம் கம்மி, கிருமி சீக்கிரம் ஒழிகிறது, தோல் மூடிக்கொள்கிறது. முதல் தடவை பார்த்த அன்று நான் கூண்டு மூடியைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டே இருந்தேன், அக்கா.

மாமாவுக்கு இதைப் படித்துக் காட்டு.

அன்புடன்,
மாறன்


வேங்கிக்கால்,
20 மார்ச் 2025

அன்புத் தம்பி மாறனுக்கு,

நாங்கள் நலம். உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது, பதில் எழுத நேரம் கிடைக்கவில்லை. வருஷக் கடைசி, பள்ளிக்கூடத்தில் வேலை ஜாஸ்தி.

மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். போலீஸ் கதை வந்ததும் சிரித்தார். "நம்ம ஆளு எப்படி எழுதறான் பாரு"னு மறுபடி படிக்கச் சொன்னார்.

எல்லம்மாள் டீச்சர் வீட்டுக்காரரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்கள். உள்ளேயே சேரச் சொன்னார்களாம். அவர் கேட்கவில்லை. சீசனை விட்டால் அப்புறம் வண்டிக்கு யார் கூப்பிடுவார்கள் என்று, கட்டுப் போட்டுக்கொண்டு மார்க்கெட் கமிட்டிக்கு மூட்டை ஏற்றிக்கொண்டு போகிறார். டீச்சர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள், அழுதும் பார்த்தாள். கட்டை விரல் இப்போது கறுத்துவிட்டது. ஒரு வாடை வருகிறது. பக்கத்தில் போனால் தெரிகிறது.

நீ எழுதிய ஊசியைப் பற்றி அவரிடம் சொன்னோம். "எலிக்குக் கேக்குதுன்னா மனுசனுக்குக் கேக்காதா? தம்பிய ஒரு வார்த்த கேட்டுப் பாருங்க"னு சொன்னார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஐஸில் வைத்து ஒரு சின்னக் குப்பி கொடுத்தால் போதும். புனேயிலிருந்து வருகிற யாரிடமாவது கொடுத்தனுப்பலாம். யாருக்கும் சொல்ல மாட்டார்கள். உன் பெயர் வெளியே வராது. கொஞ்சம் மனசு வை, தம்பி.

மாமா வண்டிக்குப் போயிருப்பதால் இந்தத் தடவை கீழே எழுதவில்லை.

அக்கா


புனே,
29 மார்ச் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். மாமாவையும் உன்னையும் விசாரித்ததாக வைத்துக்கொள்.

குப்பி விஷயத்துக்கு இப்போதே பதில் எழுதிவிடுகிறேன். முடியாது. அது எலிக்காகச் செய்தது. மனிதர்களுக்கு எவ்வளவு போடலாம், போட்டால் என்ன ஆகும் என்று எங்களுக்கே தெரியாது. தெரிய இன்னும் பல வருஷம் ஆகும். எல்லாவற்றையும் விட, அது புண் வருவதற்கு முன்னால் போட வேண்டியது. புண் வந்து, கிருமி உள்ளே இறங்கி, உடம்பு ஏற்கனவே கொதித்துக்கொண்டிருக்கும்போது போட்டால் எரிகிற அடுப்பில் இன்னும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றின மாதிரி ஆகலாம். அந்த மனிதருக்கு வேண்டியது என் ஊசி இல்லை, ஆஸ்பத்திரிக் கட்டில். அதை விட்டுவிட்டு மூட்டை ஏற்றிக்கொண்டு போகிறவருக்கு நான் என்ன செய்ய முடியும்? இனிமேல் இதைக் கேட்க வேண்டாம் என்று அவரிடம் பக்குவமாகச் சொல்லிவிடு.

கோபமாக எழுதிவிட்டேனோ? தினமும் யாராவது ஒருவர் இப்படிக் கேட்கிறார்கள், அக்கா. எங்கள் வாட்ச்மேன்கூடக் கேட்டார்.

மாமாவின் ரெண்டு வரி இல்லாமல் கடிதம் மொட்டையாக இருந்தது. அடுத்த தடவை எழுதச் சொல்.

மாறன்


வேங்கிக்கால்,
2 மே 2025

அன்புத் தம்பி,

சுகம். நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

வெயில் தாங்கவில்லை. பள்ளிக்கு லீவு விட்டாயிற்று. டீச்சர் வீட்டுக்காரரிடம் நீ எழுதியதைச் சொல்லிவிட்டேன். இப்போது ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட்டார். ரெண்டு விரல் எடுத்துவிட்டார்கள்.

மாமா வேலையாக இருக்கிறார். உன்னை விசாரித்தார்.

அக்கா


புனே,
14 மே 2025

அன்புள்ள அக்கா,

நான் நலம். உன் கடிதம் ஒரு கைப்பிடி அளவுதான் இருந்தது. உனக்கு உடம்பு ஏதும் சரியில்லையா? வெயிலில் அலையாதே. லீவுதானே, மாமாவை ரெண்டு நாள் வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டு இருவரும் எங்காவது போய் வரக் கூடாதா?

டீச்சர் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தது நல்லது. விரலோடு போனால் அதிர்ஷ்டம் என்று சொல். ஆறுதலாகச் சொல், நான் எழுதுகிற மாதிரி வெட்டென்று சொல்லாதே.

என் பக்கம் பெரிய விஷயம் ஒன்று. இதுவரை நல்ல எலிகளுக்குத்தான் ஊசி போட்டுப் பார்த்தோம். இப்போது சர்க்கரை வந்த எலிகளில் பார்க்கப் போகிறோம். நிஜமான கேள்வி அதுதான். காலை இழக்கிறவர்கள் எல்லாம் சர்க்கரைக்காரர்கள்தானே. பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். ஆகஸ்ட் வரை ஒரு நாள்கூட விட்டுவிட்டு வர முடியாது. அம்மா இறந்தபோது படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்து, மாமா என்னைத் திட்டித் திட்டி மறுபடி ரயில் ஏற்றி அனுப்பினாரே, இந்தத் தடவை அப்படி ஆகாது என்று அவரிடம் சொல். அவருக்குச் சந்தோஷமாக இருக்கும்.

அவரை ரெண்டு வரி எழுதச் சொல். மூன்று மாதமாகிறது.

மாறன்


திருவண்ணாமலை,
ஜூன் 9

மச்சான் மாறனுக்கு மாமா வேணு எழுதறது.

நல்லா இருக்கியா? எனக்கு உங்கக்கா மாதிரி எழுத வராது, பேசற மாதிரியே எழுதறேன். நான் எழுதறது அவளுக்குத் தெரியாது. காப்பி வாங்கப் போயிருக்கா. நம்ம ஆட்டோ ஜானி பாஷா வந்து உக்காந்திருக்கான், அவன்கிட்டயே குடுத்துப் போஸ்ட் பண்ணச் சொல்லிடுவேன்.

மச்சான், எல்லம்மா டீச்சர் வீட்டுக்காரர் நல்லா கல்லு மாதிரி இருக்காரு. தெனம் சைக்கிள்ல ஏரிக்கரைக்குப் போறாரு. ஸ்க்ரூ ஏறுனது என் கால்ல. உங்கக்கா மேல கோவப்படாத, நான்தான் சொல்லாதன்னேன். சொன்னா நீ எலி கூண்டெல்லாம் தொறந்து விட்டுட்டு ஓடி வந்துருவ, எனக்குத் தெரியும். "என் பேரச் சொல்லாம கேளு, அந்த டீச்சர் வீட்டுக்காரர்னு எழுது"னு நான்தான் யோசன குடுத்தேன். பாவம், அந்த மனுசனுக்கு ரெண்டு வெரல எடுத்துட்டோம் கடுதாசிலயே.

நீ எழுதுனதெல்லாம் அவ படிச்சா. திட்டுனதயும் படிச்சா. நியாயமாத்தான் எழுதியிருந்த. நான் மொதல்லயே படுத்திருக்கணும். சீசன் முடியட்டும், முடியட்டும்னு ஓட்டுனேன். வலிச்சாத்தான மச்சான் பயம் வரும்? வலிக்கவே இல்ல.

போன வாரம் வலது கால முட்டிக்குக் கீழ எடுத்துட்டாங்க. இனிமே மறைக்கறதுக்கு ஒன்னும் இல்ல, அதான் எழுதறேன். நர்ஸ் பொண்ணு ஒன்னு இருக்கு, அபிநயான்னு பேரு, நல்லா பாத்துக்குது. உங்கக்காதான் சாப்பிடறதில்ல.

ஒன்னே ஒன்னு கேக்கறேன். படுத்துக்கினே அதத்தான் யோசிக்கறேன். புண்ணு வர்றதுக்கு முன்னாடியே போடணும்னு எழுதியிருந்தியே. வலது காலுக்கு லேட்டு, சரி. இடது கால் நல்லா இருக்கே மச்சான். இதுல இன்னும் புண்ணு வரல. இதுக்குப் போட முடியுமா? இந்தக் கால் ஒன்னு இருந்தா கட்டக் காலு வச்சுக்கினாவது வண்டி கழுவவாச்சும் செய்வேன்.

யோசிச்சு எழுது. வேலைய விட்டுட்டு வராத.

மாமா
வேணு


புனே,
10 ஜூலை 2025

அன்புள்ள அக்காவுக்கு,

வந்து சேர்ந்துவிட்டேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. நீ எப்படி இருக்கிறாய் என்று எந்த முகத்தோடு கேட்பது என்று தெரியவில்லை. கேட்கிறேன். சாப்பிடுகிறாயா?

மாமாவின் கருமாதி முடிந்து நான் கிளம்பும்போது நீ சமையலறையை விட்டு வெளியே வரவில்லை. ஜானி பாஷா பையை ஆட்டோவில் வைத்துவிட்டு, "அக்கா வராங்களான்னு பாருங்க தம்பி, கொஞ்ச நேரம் இருப்போம்"னு சொன்னார். இருந்தோம். உள்ளே பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அப்புறம் அவராகவே வண்டியை எடுத்துவிட்டார்.

மூன்று வாரம் நான் அங்கே இருந்தும் இதை உன்னிடம் சொல்ல வாய் வரவில்லை. எழுதுகிறேன்.

மாமாவின் கடிதம் கிடைத்து நான் வந்து சேர்ந்த மறுநாள் காலை. நீ வெந்நீர் பிடிக்கப் போயிருந்தாய். காலை எடுத்த இடத்தில் சீழ் வைத்திருந்தது. ஜுரம் இறங்கவில்லை. கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது, மூத்திரப்பையும் சிறுநீரகமும் சரியாக இல்லை என்று டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். மாமாவுக்கு அது தெரியாது. என் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். போர்வையை விலக்கி இடது காலைக் காட்டினார்.

"பாரு மச்சான், ஒரு கீறல் இல்ல. நகம்கூட வெட்டி வச்சிருக்கா உங்கக்கா. நீ சொன்ன கணக்குப்படி இது முன்னாடியேதான?"

நான் போர்வையை இழுத்து அந்தக் காலை மூடினேன்.

"போட முடியுமா, முடியாதா? அத மட்டும் சொல்லு."

நான் 'மு' என்றேன். அதோடு நின்றுவிட்டது.

உனக்கே தெரியும், பன்னிரண்டு வயதில் படிக்க உங்கள் வீட்டுக்கு வந்ததிலிருந்து நான் திக்குகிற சொல்லையெல்லாம் மாமாதான் முடித்து வைப்பார். ஸ்கூல் ஆபீஸில், பஸ்ஸில், மருந்துக் கடையில். நான் முதல் எழுத்தைச் சொன்னால் போதும், மீதியை அவர் சொல்லிவிடுவார். ஒரு தடவைகூடத் தப்பாகச் சொன்னதில்லை. அன்றைக்கு அவர் சொல்லவில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார். 'முடியும்' என்றும் அந்தச் சொல் முடியலாம் இல்லையா, அக்கா? அதற்காகத்தான் காத்திருந்தார்.

எவ்வளவு நேரம் ஆனதோ தெரியாது. 'முடியாது மாமா' என்றேன். நீ பிளாஸ்க்கோடு உள்ளே வந்தபோது அதுதான் உன் காதில் விழுந்திருக்கும்.

அவர் சிரித்தார். "எலி குடுத்து வச்சது மச்சான்"னு சொன்னார். சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்கப்புறம் என்னிடம் தண்ணீர் கேட்டிருக்கிறார், டாக்டர் வந்தாரா என்று கேட்டிருக்கிறார். அந்தப் பேச்சை மட்டும் எடுக்கவே இல்லை.

நீ எழுதாவிட்டாலும் பரவாயில்லை. சாப்பிடு.

மாறன்


புனே,
5 அக்டோபர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. ஜானி பாஷாவுக்கு மெசேஜ் போட்டுக் கேட்டேன். பள்ளிக்குப் போய் வருகிறாய் என்று சொன்னார். மாமாவின் வண்டியைப் பிரகாஷ் என்பவருக்குக் கொடுத்துவிட்டாய் என்றும் சொன்னார். நல்லதுதான். வாசலில் அது நிற்பதைத் தினமும் பார்க்க வேண்டியதில்லை.

சர்க்கரை எலிகளின் முடிவு வந்துவிட்டது. நான் ஊரில் இருந்த நாட்களில் கூடப் படிக்கிற ரூபீனா என் எலிகளையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டாள். ஊசி சரியாக வேலை செய்யவில்லை, அக்கா. சிலவற்றுக்குக் கொஞ்சம் வீக்கம் குறைந்தது. பலவற்றுக்கு ஒன்றுமே ஆகவில்லை. சர்க்கரை ஏறிய உடம்பில் அந்தக் காவல் அணுக்களுக்குப் பாடம் ஏறவில்லை. அளவை மாற்றி, நாளை மாற்றி, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

ஆக, ஜனவரியிலேயே மாமாவுக்கு அதைப் போட்டிருந்தாலும் பலித்திருக்காது போலிருக்கிறது. இதை உனக்கு ஆறுதலாக எழுதுகிறேனா, எனக்காகவா என்று தெரியவில்லை. இதில் ஆறுதல் ஒன்றும் இல்லை.

மார்ச்சில் நான் எழுதிய பதிலைத்தான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். 'அந்த மனிதர்' என்று எழுதினேன். மாமா அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாமாவுக்குத்தான் என்று தெரிந்திருந்தாலும் அதே பதிலைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் கடிதத்தில் சொல்லியிருக்க மாட்டேன். அடுத்த ரயிலில் வந்து வண்டிச் சாவியைப் பிடுங்கிக்கொண்டு சொல்லியிருப்பேன்.

ஏன் அக்கா எனக்கு எழுதவில்லை?

மாறன்


வேங்கிக்கால்,
16 நவம்பர் 2025

தம்பி மாறனுக்கு,

உன் ரெண்டு கடிதமும் வந்தன. நான் உயிரோடு இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய்?

ஏன் எழுதவில்லை என்று கேட்டாய். அவர் சொல்ல வேண்டாம் என்றார், நான் சொல்லவில்லை. உன்னைக் கூப்பிட்டிருந்தால் அவர் கால் மிஞ்சியிருக்குமா என்று தினமும் பஸ்ஸில் உட்கார்ந்து யோசிக்கிறேன். கீழ்பென்னாத்தூர் வந்ததும் இறங்கிப் போய்விடுகிறேன்.

என் கோபம் அதற்காக இல்லை. உன் மேல் எனக்கு என்ன கோபம் என்று நீ இன்னும் தெரிந்துகொள்ளவில்லை. 'முடியும் மாமா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த அபிநயாப் பெண்ணிடம் சொல்லி வெறும் சத்து ஊசி ஒன்றை அவருக்குப் போட வைத்து, 'அதுதான் இது' என்றிருக்கலாம். எப்படியும் போகப் போகிறவர்தானே. டாக்டர் உன்னிடம் சொல்லியிருந்தார்தானே. நான் அத்தனை மாசம் உனக்குப் பொய் எழுதினேன். உனக்கு ஒரு நாள் ஒரு பொய் வரக் கூடாதா? அவர் கடைசி வரை அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தார், மாறா. ரெண்டு நாளாவது இடது கால் தப்பித்தது என்று நினைத்துக்கொண்டு படுத்திருப்பாரே.

நீ பொய் சொல்ல மாட்டாய். சின்ன வயதிலும் சொன்னதில்லை. அது பெருமை என்று அவர் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு இப்போது அது பெருமையாகத் தெரியவில்லை. பின்னால் தெரியுமோ என்னமோ.

எல்லம்மாள் டீச்சரிடம் போன மாசம்தான் விஷயத்தைச் சொன்னேன், அவர் வீட்டுக்காரர் பெயரில் என்னவெல்லாம் எழுதினேன் என்று. கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள். அப்புறம், "எங்க வீட்டுக்காரருக்கும் சக்கர இருக்கு டீச்சர், கால ஒரு நாள் காட்டிட்டு வரலாம், நீங்களும் வாங்க"னு சொன்னாள். நான் எனக்கு எதற்கு என்றேன். "சும்மா வாங்க, நான் மட்டும் எப்படிப் போறது"னு பிடிவாதமாக அழைத்துப் போனாள்.

அவருக்குக் காலில் ஒன்றும் இல்லை. நன்றாக இருக்கிறார்.

எனக்குச் சர்க்கரை இருக்கிறது. எப்போதிலிருந்து என்று தெரியாது, பார்த்ததே இல்லை. சாப்பிடாமல் பார்த்ததே இருநூறுக்கு மேல் இருந்தது. டாக்டரம்மா என்னைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லிவிட்டு, மெல்லிசான நரம்பு மாதிரி ஒன்றால் பாதத்தில் அங்கங்கே தொட்டுத் தொட்டு, "தெரியுதாம்மா, தெரியுதாம்மா"னு கேட்டார். தெரிகிறது, தெரிகிறது என்று சொல்லிக்கொண்டே வந்தேன். அப்புறம் பேச்சையே காணோம். இன்னும் தொடவில்லை போலிருக்கிறது என்று சும்மா இருந்தேன். கண்ணைத் திறந்தால் அவர் குதிகாலில் தொட்டுக்கொண்டிருக்கிறார்.

புண் எதுவும் இல்லை. வெடிப்புகூட இல்லை. மாத்திரை கொடுத்திருக்கிறார். வீட்டுக்குள்ளும் செருப்புப் போடச் சொல்லியிருக்கிறார். போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

எல்லம்மாளுக்கு அடுத்தபடியாக உனக்குத்தான் சொல்கிறேன். வேறு யார் பெயரிலும் எழுதவில்லை. இது என் கால்தான்.

லீவு கிடைத்தால் வா. வந்தால் உன்னோடு பேசுவேனா என்று எனக்கே தெரியாது. வா.

அக்கா